சொல்பேச்சு கேட்ட பூட்டு

காற்றே நின்று மூச்சு வாங்கி ஏறுகிற மலை ஒன்றின் உச்சியில் ஒரு மடம் இருந்தது. மடத்துத் தலைவர் பெயர் மௌனசாமி. அவர் பேச ஆரம்பித்தால் குரங்குகள் உட்கார இடம் தேடும்.

அடிக்குப் பயந்து வீட்டை விட்டு ஓடிவரும் பெண்களை அந்த மடம் ஒளித்து வைக்கும். கூட்டிப்போகிறவர் பாதி வழியில் பெண்ணை முகம் தெரியாத வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பிவிடுவார். அடைக்கலம் தரும் வீட்டார் தங்கள் ஊரிலிருந்தே முகவரியை மடத்துக் கணினிக்குள் எழுதுவார்கள். கணினியின் இயங்குதளத்தோடு கூடவே வந்த மென்பொருள் பூட்டு அதை உடனே பூட்டிக்கொள்ளும். மடத்தில் யாரும் அதைப் படிப்பதில்லை. தெரியாததை எவனும் உளற முடியாது என்பது சாமியின் கணக்கு.

பூட்டுக்குப் பொறுப்பு சீடர் திருமேனி. வங்கியில் கணினி பார்த்து ஓய்வு பெற்ற பிறகு துறவுக்கு வந்தவர்.

ஒருநாள் காலை பூட்டு அவருக்குத் திறக்கவில்லை. திரையில் இரண்டே வரி. 'செண்பகவல்லியை இத்தனை நாள் பார்த்துக்கொண்டதற்கு நன்றி. இனி நான் பார்த்துக்கொள்கிறேன்.'

எழுதியவன் அவள் புருஷன். போன தடவை அவன் பார்த்துக்கொண்டதில் அவளுக்கு ஒரு கண் போயிருந்தது.

திருமேனி ஓடிப்போய்ச் சாமியின் முன்னால் விழுந்தார்.

"சாமி, அவன் பூட்டை உடைக்கவில்லை. எங்கேயோ இருந்துகொண்டு பூட்டிடமே பேசியிருக்கிறான். அது அவன் சொன்னதையெல்லாம் செய்திருக்கிறது. பூட்டு எப்படிச் சாமி திருடன் பேச்சைக் கேட்கும்?"

"எனக்குத் தெரிந்த ராஜா ஒருத்தன் நாய் வளர்த்தான்," என்றார் சாமி. "யானை உயரம். அது குரைத்தால் பக்கத்து நாட்டில் பால் திரிந்துபோகும். கஜானாப் பெட்டியை அதன் வாயிலேயே கொடுத்து வைத்திருந்தான்."

"திருடன் கிட்டே வந்தானா?"

"வரவே இல்லை. அடுத்த மலையில் நின்று ராஜா மாதிரியே சீட்டியடித்தான். நாய் பெட்டியோடு அவனிடம் ஓடியது. வாலை ஆட்டிக்கொண்டு."

"நாய் பேரில் தப்பில்லையா?"

"சீட்டி கேட்டால் வரத்தானே அதைப் பழக்கினார்கள்."

திருமேனி தரையில் தலையை முட்டிக்கொண்டார். பூட்டில் ஓட்டை இருக்கிறது என்று சொல்லி, செய்தவர்களே திருத்தம் அனுப்பியிருந்தார்கள். வந்தது மார்கழியில். மடத்தில் மார்கழியில் புதிதாக எதையும் தொடங்குவதில்லை. பொங்கல் கழியட்டுமா என்று அவர் அப்போது கேட்டிருந்தார். சாமியும் சரியென்று தலையாட்டியிருந்தார்.

கீழே காவல் நிலையத்துக்குப் பேசினாயா என்று சாமி விசாரித்தார். பேசியாயிற்றாம். வண்டி தயாராக நிற்கிறதாம். எந்த ஊருக்குப் போகவேண்டும் என்று மட்டும் கேட்கிறார்களாம். போகிறபோது அவன் முகவரிகளின் நகல்களையும் சேர்த்துத் தன் சாவியால் பூட்டிவிட்டுப் போயிருந்தான்.

வெகுநேரம் சாமி வாய் திறக்கவில்லை. மடத்தில் அப்படி நடந்ததே கிடையாது.

"சாமி, அவள் இருக்கிற இடம் நமக்குத் தெரிந்த ஒருத்தருக்குக்கூடவா தெரியாது?"

"ஒருத்தனுக்குத் தெரியும், திருமேனி. இந்நேரம் பஸ் ஏறியிருப்பான்."