மரவட்டை சுருண்டுகொண்ட கதை

பூச்சி பொட்டெல்லாம் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், பாதையிலே பெரிய வேகக்காரன் யார் தெரியுமா? மரவட்டை. சிரிக்காதீர்கள். தொட்டால் சுருண்டுகொண்டு வட்டமாகக் கிடக்கிறதே, அதே மரவட்டைதான். அன்றைக்கு அவனுக்குச் சுருளவே தெரியாது. இருக்கிற அத்தனை கால்களையும் அள்ளிப் போட்டுக்கொண்டு நேராக ஓடுவான்.

வேகமாகப் போவது ஒரு குற்றமா? இல்லை. ஆனால் இவனுக்கு ஒரு கெட்ட பழக்கம். முன்னால் யார் போனாலும் அவர்கள் முதுகோடு ஒட்டிக்கொள்வான். தலையால் முட்டுவான். "ம்ம், நட நட! தூங்கிக்கிட்டா போறே?" என்பான். இவன் தொல்லை தாங்காமல் சாணி வண்டு, பாடுபட்டு உருட்டி வந்த உருண்டையைப் போட்டுவிட்டு ஓடியே போயிருக்கிறது. நத்தை, பாவம், இவன் காலடிச் சத்தம் கேட்டாலே ஓட்டுக்குள் புகுந்துகொள்ளும். அப்படி என்னடா குடிமுழுகிப் போகிறது உனக்கு என்று ஒருவரும் அவனைக் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

அங்கே ஒரு வாய்க்கால். அதன் குறுக்கே ஒரு பனைமரம் விழுந்து கிடந்தது. பூச்சிகளுக்கெல்லாம் அதுதான் பாலம். உருண்டை மரம், மழை பெய்தால் பாசி வழுக்கும், ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். அதனால் அந்த மரத்துக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. முன்னால் போகிறவருக்கும் பின்னால் வருகிறவருக்கும் நடுவில் இன்னொருவர் தாராளமாகப் படுத்துக்கொள்ளும் அளவு இடம் விட வேண்டும். முட்டிக்கொண்டும் மோதிக்கொண்டும் போகிற எறும்புகள்கூட அந்த மரத்தில் ஏறியதும் வரிசையைத் தளர்த்திக்கொள்ளும். மரவட்டை மட்டும், "அதெல்லாம் கால் குறைஞ்சவங்களுக்கு" என்று சொல்லித் திரிந்தான்.

ஒருநாள் சாயங்காலம் நல்ல மழை. வாய்க்கால் கரைபுரண்டு ஓடியது. கரையோரத்துக் கல்லின் கீழே தேள் ஒருத்தி குடியிருந்தாள். குட்டி போட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பொந்துக்குள் தண்ணீர் வந்துவிட்டது. தேளின் குட்டிகள் பிறந்த புதிதில் வெள்ளையாக, மெத்தென்று, நடக்கத் தெரியாமல் இருக்கும். தாய்தான் முதுகில் ஏற்றிச் சுமக்க வேண்டும். அவளும் எல்லாக் குட்டிகளையும் முதுகில் ஏற்றிக்கொண்டு, அக்கரை மேட்டுக்குப் போய்விட்டால் பிழைத்தோம் என்று பனைமரத்தில் ஏறினாள். ஒவ்வொரு காலாக ஊன்றி ஊன்றி நடந்தாள்.

பாதி மரம் போயிருப்பாள். பின்னால் சரசரவென்று சத்தம். மரவட்டை வந்து அவள் வாலடியில் ஒட்டிக்கொண்டான்.

"ஏ அக்கா, நடையைக் கட்டு! மழை கொட்டுது தெரியலை?"

"தம்பி, கொஞ்சம் தள்ளி வாப்பா. மரம் வழுக்குது."

"எனக்கு வழுக்கலையே!"

அவன் எட்டிப் பார்த்தான். அவள் முதுகு நிறைய வெள்ளை வெள்ளையாக ஏதோ குவிந்திருந்தது. அரிசி என்று அவனாக முடிவு கட்டிக்கொண்டான். "ஓகோ! மூட்டை கட்டிக்கிட்டு வந்துட்டியா? உன் ஆசைக்கு நாங்க நனையணுமா? இறக்கிப் போட்டுட்டு நட!" என்று கத்தினான். "பிள்ளைங்க இருக்காங்க தம்பி" என்று அவள் சொல்லத்தான் செய்தாள். அடுத்தவர் பேச்சு காதில் விழவேண்டுமானால் தன் வாயை மூட வேண்டும். இவன் மூடினால்தானே!

தேளிடம் கொடுக்கு இருந்ததே, ஒன்று போட்டிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். கொட்ட வேண்டுமானால் வாலை வீச வேண்டும். வாலை வீசினால் முதுகு ஆடும், குட்டிகள் சரியும். அதனால் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வேகத்தைக் கூட்டினாள். இவனும் கூட்டினான். அவள் கெஞ்சினாள். "உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன், முட்டாதேப்பா." இவன் தலையைத் தாழ்த்தி ஓங்கி ஒரு முட்டு முட்டினான்.

அவள் பின்னங்கால்கள் பாசியில் சறுக்கின. உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. முதுகிலிருந்த குவியல் சரிந்து, அதில் ஒன்று மரவட்டையின் முகத்துக்கு நேரே மரத்தில் விழுந்தது.

"அம்மா!" என்றது அரிசி.

மரவட்டை அப்படியே நின்றுவிட்டான். அவன் பார்க்கப் பார்க்க இன்னும் சில வெள்ளைப் பொட்டுகள் மரத்திலிருந்து உருண்டு, அம்மா அம்மா என்றபடியே தண்ணீருக்குள் போயின. தேளால் பின்னாலேயே குதிக்கவும் முடியவில்லை. குதித்தால் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்த மற்ற குட்டிகளும் போய்விடும். அவள் மரத்தைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, போகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

முகத்துக்கு நேரே கிடந்த குட்டியை மரவட்டை மெல்லத் தூக்கி அவள் முதுகில் ஏற்றிவிட்டான். அப்புறம் அவள் நடந்தாள். அவனும் நடந்தான், வெகுதூரம் தள்ளி.

அக்கரையில் ஏறியதும் அவள் குட்டிகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். சில பெயர்களுக்குப் பதில் வந்தது. சில பெயர்களுக்கு வரவில்லை. வராத பெயர்களை இன்னொரு தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு மரவட்டையைத் திரும்பிப் பார்த்தாள்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஒரே கொட்டாகக் கொட்டியிருந்தால் இன்னும் நல்லது. அவள் அப்படியெல்லாம் செய்யவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"எங்கப்பா போகணும் உனக்கு, இவ்வளவு அவசரமா?"

அவன் யோசித்தான். அக்கரையில் மக்கின இலைக் குவியல் ஒன்று இருந்தது. மழை விழுந்தால் மணக்கும். அங்கேதான் போய்க்கொண்டிருந்தான். அது இன்றைக்கும் அங்கே இருக்கும், நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும். இதை எப்படி அவளிடம் சொல்வது?

"சும்மாதான்க்கா" என்றான். சொன்ன வாயை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

தேள் மிச்சமிருந்த குட்டிகளோடு பாதையை விட்டு இறங்கிச் சேற்றில் ஒதுங்கி நின்றாள்.

"போப்பா. வழி விட்டாச்சு. போ."

அவனுக்கு முன்னால் பாதை காலியாகக் கிடந்தது. ஒரு காலைக்கூட அவனால் எடுத்து வைக்க முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தன் வயிற்றுக்குள்ளேயே புதைத்தான். முட்டிய தலையை உள்ளே வைத்து, ஓடின கால்களையெல்லாம் உள்ளே இழுத்து, அந்த ஈரத்தில் அப்படியே சுருண்டுகொண்டான். பின்னால் நத்தை வந்தது. "தம்பி, நீ முதல்ல போறியா?" என்று தூரத்தில் நின்று பயந்து பயந்து கேட்டது. அவன் தலையைத் தூக்கவில்லை. நத்தை சுற்றிக்கொண்டு போயிற்று. எறும்புகள் போயின. எல்லோரும் போய்ச் சத்தம் அடங்கிய பிறகுதான் மெல்லப் பிரிந்து, நடந்து போனான்.

அந்த மழை நாளிலிருந்துதான் மரவட்டை மெதுவாக நடக்கிறது. பிள்ளைகள் குச்சியால் தொட்டுவிட்டு, சுருண்டதும் கைதட்டிச் சிரிக்கிறார்கள். தன்னை யாரோ தொட்டார்கள் என்று அதற்குத் தெரியாது. உடம்பில் எது பட்டாலும், ஐயோ, மறுபடியும் யாரையோ இடித்துவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொள்கிறது.