பணம் கட்டும்போது மட்டும் சக்கரம் சுற்றுவது ஏன்?

அந்தக் காலத்தில், இணையம் இன்னும் தவழ்ந்துகொண்டிருந்தபோது, கம்ப்யூட்டர் பெட்டிகள் எல்லாம் வாய் திறந்து பேசின. இப்போதும் பேசத்தான் செய்கின்றன, கேட்க நமக்குத்தான் பொறுமையில்லை என்பார்கள் சிலர். அது கிடக்கட்டும். அப்போது இணையத்தில் ஒரு கடை என்றால் அது ஒரே ஊரில், ஒரே பெட்டிக்குள் குடியிருக்கும். நீங்கள் சிங்கப்பூரில் இருந்தாலும் சரி, சிவகாசியில் இருந்தாலும் சரி, கடையிலுள்ள ஒரு படத்தைப் பார்க்க வேண்டுமானால் உங்கள் கோரிக்கை கடல் தாண்டிப் போய் அந்தப் பெட்டியின் வாசலில் நிற்க வேண்டும். அது எடுத்துக் கொடுத்தால் உண்டு. அது அசந்துவிட்டால் நீங்களும் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

அப்படி ஒரு கடையை வைத்திருந்தாள் பஞ்சவர்ணம். வைகைக்கரைப் பக்கம், கொலு பொம்மை செய்யும் ஊர்க்காரி. வயது நாற்பது. ஒரு இடத்தில் உட்காரத் தெரியாதவள். தப்பித்தவறி உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். பதினெட்டு வருஷம் சங்கையா என்ற வியாபாரியின் சரக்குக் கிட்டங்கியில் தினக்கூலிக்குப் பொம்மைகளுக்குக் கண் எழுதினாள். ஒருநாள், "இனிமே என் பொம்மையை நானே வித்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டாள்.

சங்கையா கோபப்படவில்லை. சிரித்தார். "போயிட்டு வாத்தா. கொலு முடிஞ்சதும் பிரஷைத் தூக்கிக்கிட்டு இங்கதான வரணும்."

அந்தச் சிரிப்பு அவளை நிம்மதியாகச் சாப்பிட விடவில்லை. வீடு முழுக்க இருநூறு செட் பொம்மை செய்து அடுக்கிவிட்டாள். நவராத்திரிக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது. அதற்குள் விற்றால் அவள் கடைக்காரி. விற்காவிட்டால், கொலு முடிந்தபின் பொம்மையை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், சங்கையாவின் கிட்டங்கிதான்.

சிங்கப்பூரிலிருந்து ரேணுகாதேவி என்ற பெண் போன் செய்தாள். "அக்கா, உங்க கடையில கிருஷ்ணர் பொம்மை பார்க்கிறேன். தலை வருது, கழுத்து வருது, இடுப்போட நின்னுடுது. நானும் சாதம் வச்சு இறக்கிட்டேன், இன்னும் கால் வரலைக்கா."

பஞ்சவர்ணத்துக்கு முகம் சிவந்துவிட்டது. கடை குடியிருந்த மூலப்பெட்டி பனி பெய்யும் தேசம் ஒன்றில் இருந்தது. வாடகை மலிவு என்று அங்கே பிடித்திருந்தாள். அதைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, என்னண்ணே பண்ணிக்கிட்டு இருக்க?"

"என்ன பண்ணச் சொல்ற தங்கச்சி?" என்று மூச்சிரைக்கக் கேட்டது பெட்டி. "வாசல்ல முந்நூறு பேர் நிக்கிறாங்க. சென்னைக்காரருக்குத் தசாவதாரம், துபாய்க்காரம்மாவுக்குக் கல்யாண செட், ஆளுக்கு நாப்பது படம். ஒருத்தனா எத்தனையைத் தூக்கி அனுப்புவேன்?"

"சீக்கிரம் விடுண்ணே. பாதியிலயே போயிடுறாங்க."

"எங்க போவாங்க?"

"ம்... அடுத்த கடைக்கு!"

பெட்டிக்கு அது புதுச் செய்தி. நின்று வாங்குவார்கள் என்றுதான் அது நினைத்திருந்தது. மனிதர்கள் நான்கு நொடிக்கு மேல் எதற்கும் நிற்க மாட்டார்கள் என்பது பெட்டிகளுக்கு அதுவரை தெரியாது.

அடுத்த மூன்று நாளும் பஞ்சவர்ணம் நெருப்பு மேல் நின்றாள். அடுப்படிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடந்து நடந்து தரை தேய்ந்தது. நான்காம் நாள் ஒரு வாரப் பத்திரிகையில் அவள் கடையைப் பற்றி நாலு வரி வந்தது. நல்ல காலம் வந்தது என்று அவள் துள்ளுவதற்குள் ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் வாசலில் முண்டியடிக்க, மூலப்பெட்டி மயங்கி விழுந்தது. அரை நாள் கடை இல்லை. வந்தவர்கள் வந்த வழியே போனார்கள். விஷயம் எப்படித்தான் எட்டியதோ, சங்கையா ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார்: "கண் எழுத ஆள் குறையுது. திங்கக்கிழமை வரச் சொல்லு."



மறுநாள் காலை ஊரில் பெருமாள் புறப்பாடு. கையில் தேங்காய்த் தட்டோடு வாசலில் நின்றாலும் அவள் மனம் கம்ப்யூட்டரிலேயே கிடந்தது. எதிர்வீட்டு மாரிச்சாமி லாரியிலிருந்து விழுந்து, காலில் மாவுக்கட்டோடு ஒரு மாதமாகக் கட்டிலில் இருந்தான். கட்டிலை வாசலுக்கே இழுத்துப் போட்டிருந்தார்கள். பெருமாள் அந்த வாசலில் வந்து நின்றதும் மாரிச்சாமி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டான். "நான் வர முடியலைன்னு நீயே வந்துட்டியாப்பா!"

பஞ்சவர்ணம் அவனைப் பார்த்தாள். கோயில் இருந்த திசையைப் பார்த்தாள். உள்ளே மூலவர் இருந்த இடத்திலேயே இருக்கிறார். தெருவுக்கு உற்சவர் வருகிறார். கும்பிடுகிறவன் கோயில் வரைக்கும் போகவே வேண்டாம். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுத்த நொடி இரண்டும் ஓடின. தட்டை மாரிச்சாமியின் மனைவி கையில் திணித்துவிட்டு வீட்டுக்குள் பாய்ந்தாள்.

"அண்ணே! சிங்கப்பூர்ல, சென்னையில, துபாய்ல, டொரன்டோவுல சும்மா கிடக்கிற பெட்டிங்க இருக்கில்ல? நம்ம கடைக்கு ஆளுக்கொரு நகல் எடுத்துக் குடு. அந்தந்த ஊர்க்காரங்க அந்தந்த ஊர்லயே பார்த்துக்கட்டும்."

பெட்டிக்குச் சுருக்கென்று தைத்தது. "ஊரூருக்கு நகல் போயிட்டா அப்புறம் என்னை யார் தேடி வருவா?"

"எங்க பெருமாள் இப்பத்தான் தெருவைச் சுத்திட்டுப் போறாரு. அதுக்காக மூலவரை யாராவது வேண்டாம்னாங்களா? அவர் உள்ள இருக்கிறதாலதாண்ணே வெளிய இவருக்கு மரியாதை." அவள் குரல் இறங்கியது. "நீ இன்னொரு தடவை மயங்கி விழுந்தா, நான் கண் எழுதத்தான் போகணும்ணே."

அந்தச் சொல்லுக்குப் பெட்டி இளகியது. "சரி, என்னென்ன குடுக்கணும்?"

"யோசிக்காத. கையில இருக்கிற எல்லாத்தையும் குடு!"

அவசரத்தில் சொன்ன அந்த 'எல்லாத்தையும்'தான் பின்னால் அவளை அழவைத்தது. ஆனால் அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

கால் மணி நேரத்தில் ரேணுகாதேவி கூப்பிட்டாள். "அக்கா, முழுசா வந்துடுச்சு! கால் நகம்கூடத் தெரியுது!" துபாயிலிருந்து ஆர்டர், டொரன்டோவிலிருந்து ஆர்டர். பொம்மைகளுக்கு வைக்கோல் சுற்றிச் சுற்றிப் பஞ்சவர்ணத்துக்குக் கை காய்த்துப்போனது. ஒருநாள் பனி தேசத்தில் கரண்ட் போய் மூலப்பெட்டி இரண்டு மணி நேரம் கண் மூடியது. கண் விழித்துப் பார்த்தால், நகல் வாங்கிய ஊர்ப்பெட்டிகள் பொம்மைகளைக் காட்டிக்கொண்டே இருந்தன. கடைக்கு வந்த ஒருத்தருக்கும் விஷயமே தெரியவில்லை. அதில் அதற்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

நகல் கொடுத்த ஐந்தாம் நாள் குட்டு உடைந்தது.

கோவர்த்தன மலை செட் ஒன்றே ஒன்றுதான் அவள் செய்திருந்தாள். மலையடியில் பத்தொன்பது பசு, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பார்வை. காலையில் அதைச் சென்னைக்காரர் வாங்கினார். மதியம் அதையே ரேணுகாதேவி வாங்கினாள். சாயங்காலம் டொரன்டோவில் ஒரு அம்மாள் வாங்கினாள்.

"வித்துப்போன பொம்மையை ஏண்டா வித்த?" என்று பஞ்சவர்ணம் சிங்கப்பூர்ப் பெட்டியைப் பிடித்தாள்.

"எனக்குக் குடுத்த நகல்ல 'ஒன்று இருக்கிறது'ன்னு போட்டிருந்துச்சு. ஒரு எழுத்து மாறாம அதைத்தான்கா சொன்னேன்."

அதன்மேல் தப்பில்லை. அதனாலேயே அவளுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. டொரன்டோ அம்மாள் 'ஏமாத்துக்காரி' என்று எழுதி அனுப்பினாள். அதைக்கூடப் பஞ்சவர்ணம் தாங்கிக்கொண்டாள். ரேணுகாதேவி திட்டவில்லை. "மேல்படியைக் காலி பண்ணி வச்சிட்டேனேக்கா" என்றாள், அவ்வளவுதான். பஞ்சவர்ணம் போனை வைத்துவிட்டு அழுதாள். கிட்டங்கியில் பதினெட்டு வருஷம் பேச்சு வாங்கியவள்தான், ஆனால் ஒருநாளும் இப்படிக் கூசிப்போனதில்லை.

"நான் அப்பவே சொன்னேன்ல," என்றது மூலப்பெட்டி. "நகலும் வேணாம், ஒண்ணும் வேணாம். பழையபடி எல்லாரும் என்கிட்டயே வரட்டும்."

"வந்தா நீ விழுந்துடுவ. விழுந்தா நான் போயிடுவேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஊர்ப்பெட்டிகளை எல்லாம் கூப்பிட்டாள். "இங்க பாருங்க. படம், பேரு, கதை எல்லாம் நீங்களே வச்சுக்கங்க. நான் ஒரு படத்தை மாத்தினா பழசைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு கேட்டு வாங்குங்க. ஆனா பொம்மை இருக்கா இல்லையா, பணம் வாங்கலாமா வேண்டாமா, அது மட்டும் அண்ணன் வாயாலதான் வரணும். ஒவ்வொரு தடவையும் ஓடிப் போய்க் கேளுங்க."

"அவ்வளவு தூரம் போயிட்டு வர்றதுக்குள்ள நம்மளை விட்டுட்டுப் போயிடுவாங்களே அக்கா?" என்றது சிங்கப்பூர்ப் பெட்டி.

"எதையாவது சுத்தி விட்டுட்டுப் போ. போயிருக்க, வந்துடுவன்னு தெரியட்டும். படம் பார்க்க நிக்க மாட்டாங்க. ஏமாறாம இருக்க நாலு நொடி நிப்பாங்க."

சிங்கப்பூர்ப் பெட்டி ஒரு கோட்டை எடுத்து வட்டமாக வளைத்துச் சுழற்றிவிட்டது.

பஞ்சவர்ணம் தானே ரேணுகாதேவியைக் கூப்பிட்டாள். தயங்கித் தயங்கி ரேணுகாதேவி கல்யாண செட்டைத் தேர்ந்தெடுத்தாள். "சுத்துதுக்கா... இன்னும் சுத்துது..." இந்தப் பக்கம் பஞ்சவர்ணம் மூச்சு விடவில்லை. ஆடிக்கொண்டே இருக்கும் கால்கூட நின்றுவிட்டது. பனி தேசத்தில் மூலப்பெட்டி ஒருமுறைக்கு இருமுறை அலமாரியைப் பார்த்துவிட்டு, "இருக்கு" என்றது.

"கிடைச்சிடுச்சுக்கா! மேல்படிக்கு இதை வச்சுக்கிறேன்."

நவராத்திரிக்கு முதல் நாள் வீட்டில் வைக்கோலைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை. சங்கையா சொன்ன திங்கட்கிழமை எப்போதோ வந்து போயிருந்தது. கண் எழுத அவர் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்.

அன்று முதல்தான், எந்த இணையக் கடையைத் திறந்தாலும் படங்கள் பக்கத்து ஊரிலிருந்து கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து நிற்கின்றன, பணம் கட்டும்போது மட்டும், "இருக்கா அண்ணே?" என்று தூரத்து மூலப்பெட்டியிடம் கேட்டுவர ஊர்ப்பெட்டி ஓடுகிறது, அது திரும்பி வரும்வரை சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கிறது.