பாலத்துக்கடியில் ஒரு எலுமிச்சம்பழம்

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வெளியே, உப்பளங்கள் முடிகிற இடத்தில், பெரிய லோடு ஏற்றும் டிரெய்லர்கள் நிற்கிற யார்டு ஒன்று உண்டு. அங்கே குருவுக்கு வயது முப்பத்து நான்கு. சீடருக்கு ஐம்பத்தேழு.

குருவின் பெயர் ரெஜினா. டிரெய்லர்களின் அடிப்பாகம் முழுக்க அவள் பொறுப்பு. சீடர் சுடலைமணி காலமெல்லாம் லாரி ஓட்டியவர். சர்க்கரை வியாதி கண்ணில் கை வைத்ததும் லைசென்ஸ் போயிற்று. வண்டிச் சத்தம் இல்லாத வீட்டில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. யார்டு முதலாளி சந்தியாகுவிடம் வந்து நின்றார். முதலாளி அவரை ரெஜினாவிடம் அனுப்பினார்.

வேலை கேட்பதற்குச் சின்னது. டிரெய்லரின் அச்சுக்கும் மேலே உள்ள சட்டத்துக்கும் நடுவில் ரப்பர் காற்றுப் பைகள் இருக்கும். பையில் எவ்வளவு காற்று என்பதை ஒரு வால்வு முடிவு செய்யும். வால்வை அச்சோடு இணைக்கிற கம்பியை நீட்டினால் வண்டி உயரும், குறைத்தால் தாழும். சரியான உயரத்தில் நிறுத்துவதுதான் வேலை.

அன்று காலை டிரெய்லர் மேல் ஒரு டிரான்ஸ்பார்மர் ஏறியிருந்தது. போகிற வழியில் ஒரு ரயில் பாலம். அடியில் நுழையும்போது லோடின் உச்சிக்கும் பாலத்துக்கும் நடுவில் இடைவெளி நாலு விரல்கூட இல்லை. வண்டி தாழ்ந்தால் பை நசுங்கும். உயர்ந்தால் டிரான்ஸ்பார்மர் பாலத்தில் மோதும். பதினோரு மணிக்கு இந்த வண்டிக்காகப் போலீஸ் சாலையை மறிப்பதாகப் பேச்சு.

முதலாளி சுடலைமணியைக் கூப்பிட்டார்.

"இன்னைக்கு நீர்தான் உயரம் வைக்கணும். வண்டி பாலத்தத் தாண்டுச்சுன்னா நீர் நம்ம ஆளு. இல்லன்னா வீட்டுக்குப் போயி பேரப்புள்ளைய பாத்துக்கிடும்."

சுடலைமணி பேரப்பிள்ளை மேல் உயிரையே வைத்திருந்தார். ஆனாலும் அந்த வார்த்தை அவருக்குத் தூக்குத் தண்டனை மாதிரி இருந்தது.

ரெஜினா ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்துகொண்டாள். "நான் கை வைக்க மாட்டேன் அண்ணாச்சி. கேட்டா சொல்லுதேன்."

அவர் கேட்பாரா? இவள் பிறப்பதற்கு முன்பே ஸ்டியரிங் பிடித்த கை அது.

டிரைவர் வண்டியைச் சமதளத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். சுடலைமணி வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "ஹேண்ட் பிரேக் போட்டாச்சா?"

போட்டாயிற்று. அவர் அடியில் குனிந்து அளந்தார். தாழ்வாக இருந்தது. கம்பியை நீட்டினார். காற்று சீறியது. மறுபடி அளந்தார். சரியாக இருந்தது.

வாசல் வரை ஓட்டித் திரும்பச் சொன்னார். வந்ததும் அளந்தால் மூன்று விரல் உயர்ந்து நின்றது. குறைத்தார். அளவு சரி. ஓட்டச் சொன்னார். இப்போது தாழ்ந்து கிடந்தது. இப்படியே வெயில் ஏறியது. நாய் வாலை நிமிர்த்துகிற கதையாயிற்று. முதலாளி கைக்கடிகாரத்தையும் சுடலைமணியையும் மாறிமாறிப் பார்த்தார்.

கடைசியில் சுடலைமணி தோற்ற குரலில் கேட்டார்.

"வால்வு கெட்டுப்போச்சா வாத்தியாரம்மா?"

"வால்வு நல்லாத்தான் இருக்கு."

"அப்ப இது ஏன் எங்கிட்ட பொய் சொல்லுது?"

ரெஜினா எழுந்து வந்தாள். சுடலைமணி வால்வுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். கழுத்தில் முடிச்சுப் போட்ட துண்டு தரை வரை தொங்கியது. அவள் அதன் நுனியில் காலை வைத்து அழுத்தினாள்.

"அண்ணாச்சி, எந்திரிங்க."

அவர் எழப்பார்த்தார். துண்டு இழுத்தது. பாதியில் கூனி நின்றார்.

"உங்க உயரம் எவ்வளவு?"

"என்னம்மா விளையாட்டு இது, இந்நேரத்துல?"

"உயரம் எவ்வளவுன்னு கேட்டேன்."

"காலை எடு தாயி. விட்டாத்தான நான் நிமிர முடியும்..."

அவர் கண் மெதுவாகச் சக்கரத்தின் பக்கம் போனது. இத்தனை நாளும் அவள் பக்கத்தில் நின்று வால்வைத்தான் பார்த்தார். வால்வைத் தொடுவதற்கு முன்னால் அவள் கை எங்கே போனது என்று ஒருநாளும் பார்க்கவில்லை.

ரெஜினா காலை எடுத்தாள்.

"பிரேக்க விட்டுட்டா அளக்கணும்?" என்றார். "இம்மாம் பாரத்தோடயா? செங்கோட்டை எறக்கத்துல ஆளில்லாம உருண்ட வண்டிய கண்ணால பாத்தவன்மா நான். அன்னையில இருந்து பிரேக் போடாம வண்டிய விட்டு எறங்குனதில்ல."

"அதான் நீங்க உயிரோட இருக்கீங்க. நல்ல பழக்கம்." அவள் இரண்டு மரக்கட்டைகளை அவர் கையில் கொடுத்தாள். "சக்கரத்துக்கு முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு, கொஞ்சம் இடம் விட்டுப் போடுங்க."

போட்டார்.

"கட்டை எதப் புடிக்கும்?"

"வண்டிய."

"பிரேக் எதப் புடிச்சிருக்கு?"

அவர் யோசித்தார். "சக்கரத்த."

"பை உப்பும்போது சக்கரம் கொஞ்சம் உருண்டு குடுக்கணும் அண்ணாச்சி. அதைப் புடிச்சு வச்சா, வண்டி பாதியில கூனி நிக்கும். நீங்க அந்தக் கூனை அளந்துக்கிட்டிருக்கீங்க."

சுடலைமணி டிரைவரைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

"பிரேக்க விடும்."

புஸ்ஸென்று காற்று பிரிந்தது. வண்டி ஒரு பெருமூச்சு விட்டு அசைந்து, கட்டையில் சாய்ந்து நின்றது. அவர் குனிந்தார். கம்பியைத் திருகினார், காற்று அடங்கும்வரை பொறுத்திருந்து அளந்தார். இடமும் வலமும் ஒரே அளவு. கட்டையை எடுத்துவிட்டு வாசல் வரை ஓட்டித் திரும்ப வந்தும் அதே அளவு. பிரேக் போட்டாச்சா என்று கேட்காமலே கட்டையைப் போட்டு, இன்னொரு முறை அளந்தார். மயிரிழை மாறவில்லை.

"கெளம்பலாம் முதலாளி" என்றார்.

எல்லா லாரிக்காரர்களும் புறப்படும்போது சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். இந்த யார்டில் லோடின் உச்சியிலும் ஒன்று வைப்பார்கள். துணியைச் சும்மாடாகச் சுற்றி, அதன் நடுவில் உட்கார வைப்பது. பாலத்தில் இடித்தால் முதலில் பழம் விழும், வண்டியை நிறுத்திவிடலாம். சந்தியாகு முதலாளி ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். சிலுவை போட்டுக்கொள்வார், எலுமிச்சம்பழத்தையும் விடமாட்டார்.

பாலத்துக்கு இருபுறமும் கூட்டம். வண்டி நடைவேகத்தில் உள்ளே நுழைந்தது. சுடலைமணி பக்கவாட்டில் நடந்தார். நிழல் மேலே விழுந்ததும் பழம் கண்ணிலிருந்து மறைந்தது. டீக்கடை ரேடியோவைக்கூட யாரோ நிறுத்தியிருந்தார்கள். அவருக்கு எதுவும் தெரியவில்லை. சர்க்கரைக் கண்ணுக்கு இருட்டு இன்னும் இருட்டு.

"வாத்தியாரம்மா, பழம் இருக்கா?"

"நடங்க அண்ணாச்சி."

மறுபக்கம் வெயில் அடித்தது. முதலில் டிரைவரின் தலை வந்தது, பிறகு டிரான்ஸ்பார்மரின் மூக்கு, பிறகு உச்சி. சும்மாட்டின் நடுவில், மஞ்சளாக, எலுமிச்சம்பழம் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

கூட்டம் விசிலடித்தது. போலீஸ்காரர்கூடச் சிரித்துவிட்டார். முதலாளி ஓடிவந்து சுடலைமணியின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"வே, நாளைக்கு ஆறு மணிக்கு வந்திரும். இன்னொரு லோடு இருக்கு."

சுடலைமணி அழுதார். ஒளிக்கவில்லை. துண்டால் துடைத்துக்கொண்டு, டிரைவர் இறக்கித் தந்த பழத்தை இரண்டு கையாலும் ஏந்தி ரெஜினாவிடம் கொண்டுபோனார்.

"இது உனக்குத்தான் சேரணும்."

"நீங்களே வச்சுக்கோங்க. நாளைக்கு நான் வரல."

அவர் திடுக்கிட்டார். "நீ இல்லாம, நான் ஒத்தையிலயா?"

ரெஜினா அவர் கழுத்துத் துண்டின் முடிச்சை அவிழ்த்து, மடித்து, அவர் தோளில் போட்டாள்.

"கட்டை போட்டாச்சு அண்ணாச்சி. இனி நான் பிடிய விட வேண்டியதுதான்."