கினிக்கோழி பந்தயம் வைத்த கொண்டை

"சுமை தூக்கித் தேய்ந்த தலை. நாளைக்குக் கல்யாணக் கூட்டத்தில் அதை எங்கே ஒளிப்பாளாம்?"

புதருக்குப் பின்னால் கினிக்கோழி கௌதாரியிடம் சொன்னது, ஆற்றில் குடம் நிரப்பிக்கொண்டிருந்த அயின்கேயின் காதில் விழுந்தது.

பறவைகள் மனிதரோடு வாயாடிய அந்தக் காலத்தில், யொருபா நாட்டுப் பெண்கள் தலையில் துணி வைத்தது சுமைக்காக மட்டும்தான். சும்மாடாகச் சுருட்டி வைப்பார்கள். சுமை இறங்கினால் துணியும் இறங்கிவிடும். விழாவுக்குக் கூந்தலைப் பின்னிக்கொண்டு போவார்கள். பறவைகளில் கினிக்கோழிக்குத்தான் பெருமை அதிகம். அதன் தலையில் அப்போது நீல இறகுகள் விசிறிபோல் நிற்கும்.

அயின்கேக்குப் பின்னக் கூந்தல் இல்லை. இருபது வருடம் சுமந்த பனை எண்ணெய்ப் பானைகள் உச்சந்தலையை வழித்துவிட்டிருந்தன. மறுநாள் அவள் மகள் பொலான்லேக்குக் கல்யாணம். பெண்ணைப் பெற்றவள்தான் முரசுக்கு முன்னால் ஆடிக்கொண்டு வர வேண்டும்.

"உன் சித்தி முன்னால் போகட்டும். நான் பின்னால் வருகிறேன்" என்றாள் வீட்டுக்கு வந்து.

"சித்தியா என்னைச் சுமந்தாள்?" என்றாள் பொலான்லே. "நீ முன்னால் நடக்காவிட்டால் நான் வாசலைத் தாண்ட மாட்டேன்."

காலையில் அயின்கே இடுப்பில் கட்ட வைத்திருந்த புதுத் துணியை எடுத்தாள். தறியிலிருந்து வந்த மொடமொடப்பு போகாத துணி. பழக்க தோஷத்தில் சும்மாடாகச் சுருட்டினாள். அது துள்ளிக் குதித்து அவிழ்ந்தது.

"கல்யாணத்துக்குப் பானையா தூக்கிக்கொண்டு வரப்போகிறாய்?" என்று மகள் சிரித்தாள்.

அயின்கே துணியை உதறி விரித்தாள். பிறகு அதன் நடுவை நெற்றியில் வைத்து, ஒரு முனையை மகளிடம் நீட்டினாள். "இழுடி. தறியில் பாவு இழுப்பதுபோல் இழு. விடாதே."

கொசுவம் கொசுவமாக மடித்துச் சுற்றினாள். பிடரியில் முடிந்தாள். அது சுமைகாரிகளின் முடிச்சு. அசைய அசைய இறுகும். துணி சிறகு விரித்ததுபோல் எழுந்து நின்றது.

கௌதாரியோடு வேலிமேல் இருந்த கினிக்கோழி கொக்கரித்தது. "அடியம்மா, தலையில் கூடாரம்! இரண்டு குதி குதித்தால் மூக்கில் வந்து விழும்."

"விழாவிட்டால்?"

"என் கொண்டையைப் பிடுங்கிக்கொள்!"

"கௌதாரி, நீ சாட்சி" என்றாள் அயின்கே.

முரசு முழங்கியது. அவள் தோளை அசைத்து ஆடினாள், இடுப்பை வளைத்து ஆடினாள். முரசுக்காரன் வேண்டுமென்றே வேகத்தைக் கூட்டினான். துணி அசையவில்லை. ஆனால் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் முன்னால் வந்ததும் மண்டியிட்டு வணங்க வேண்டும், அதுதான் மரியாதை.

"இப்போது விழும், இப்போது விழும்!" என்று கினிக்கோழி கத்தியது.

நிறைபானையை இறக்கப்போகிறவள்போல் அயின்கே கழுத்தை நிமிர்த்தியபடியே மெல்ல மண்டியிட்டாள். இரண்டு முழங்காலும் மண்ணைத் தொட்டன. ஒரு கொசுவம்கூடக் கலையவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா தன்னையறியாமல் எழுந்து நின்றார். "பெண்ணின் தாயைத்தானே அழைத்தோம்? அரசியே வந்துவிட்டாளே!"

கினிக்கோழி நழுவப் பார்த்தது. கௌதாரி வழியை மறித்தது. "எங்கே போகிறாய் அக்கா? சொன்ன சொல்?"

அயின்கே நீல இறகுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். அடியில் இருந்த எலும்பு முனையை மட்டும் விட்டுவைத்தாள்.

அன்று முதல்தான் கினிக்கோழி மொட்டைத் தலையோடு, ஆள் அரவம் கேட்டாலே கத்திக்கொண்டு புதருக்குள் ஓடுகிறது. யொருபாப் பெண்கள் விழா நாளில் ஒருத்தி முனையைப் பிடிக்க இன்னொருத்தி சுற்றி, கேலே என்னும் அந்தத் தலைக்கட்டைக் கட்டுவதும் அன்று தொடங்கியதுதான்.

அயின்கே இறகுகளை மகளின் மடியில் போட்டாள். கூட்டத்துக்குக் கடைசியில் ஒரு விறகுக்காரி, சும்மாட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி நின்றாள். அயின்கே அவளைக் கைகாட்டி அழைத்தாள். அந்தச் சும்மாட்டுத் துணியை வாங்கி உதறி விரித்து, அதன் நடுவை அவள் நெற்றியில் வைத்தாள்.