பவுனு வெளியே போன கதை

கோணவாய்ப்பட்டி என்று ஓர் ஊர். அங்கே அண்ணன் தம்பிகள் மூன்று பேர் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். மூத்தவர் ஆறுக்குட்டி, அடுத்தவர் நாச்சிமுத்து, கடைசி குப்பண்ணன். மூவருக்குமே கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்பவர்கள் கதையைப் படித்துவிட்டுக் கேட்கலாம்.

வீட்டில் எலித் தொல்லை. ஆதரவில்லாத பூனைகளைத் தத்துக் கொடுக்கும் காப்பகம் டவுனில் இருப்பதாகக் கேள்விப்பட்டு மூவரும் போனார்கள். போய் உட்கார்ந்ததுமே ஒரு மஞ்சள் பூனை நாச்சிமுத்துவின் மடியில் ஏறிச் சுருண்டு படுத்தது. நாற்பது வயதுவரை அவரிடம் யாரும் இத்தனை பிரியமாக இருந்ததில்லை. மனுஷன் எலியை மறந்தார், வந்த வேலையை மறந்தார், அங்கேயே அதற்குப் பவுனு என்று பெயரும் வைத்துவிட்டார்.

காப்பகத்தை நடத்தும் எஸ்தர் மேடம் கண்டிப்பானவர். மணல் நிரப்பிய தட்டு ஒன்றைக் கொடுத்து வீட்டு மூலையில் வைக்கச் சொன்னார். புது இடத்தில் பூனை கொஞ்ச நாள் ஒளிந்துகொள்ளும், நீங்கள் கண்டுக்காதீர்கள் என்றார். பிறகு விரலை ஆட்டிச் சொன்னார்:

“முக்கியமா ஒண்ணு. பூனை வெளிய போகவே கூடாது. அஞ்சாம் நாள் நான் வந்து பார்ப்பேன். ஒரு தடவை வெளிய போயிருந்தாலும் திருப்பி எடுத்துட்டுப் போயிடுவேன்.”

வீட்டுக்கு வந்ததும் பவுனு அரிசி மூட்டைக்குப் பின்னால் பதுங்கியது. கண்டுக்கக் கூடாதே என்று மூவரும் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டார்கள். இரண்டு நாள் அப்படியே புழங்கினார்கள். குப்பண்ணன் ரசத்தை ஆறுக்குட்டியின் மடியில் ஊற்றி, நன்றாகப் பிசைந்து சாப்பிடச் சொன்னார். ஆறுக்குட்டி குளித்துவிட்டு வந்து சுவருக்கு விபூதி பூசினார். பவுனு மட்டும் மூட்டைமேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் கண்டுகொண்டிருந்தது.

மூன்றாம் நாள் அது தானாக வந்து காலைச் சுற்றவே, துண்டுகளை அவிழ்த்தார்கள். முதலில் கண்ணில் பட்டது மூலையிலிருந்த தட்டு. பவுனு அதில் தன் காரியத்தை முடித்து, மணலைத் தள்ளி அரைகுறையாக மூடியும் வைத்திருந்தது.

கோணவாய்ப்பட்டியில் ‘வெளியே போவது’ என்றால் ஒரே அர்த்தம்தான். சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போகிற காரியம் அது. வேறெங்கே போனாலும் இடத்தின் பெயரைச் சொல்லிவிடுவார்கள்.

“அண்ணா, பவுனு வெளிய போயிருச்சுங்ணா” என்றார் குப்பண்ணன், இழவு சொல்கிற குரலில்.

நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. சோற்றை நிறுத்திவிட்டால் எதுவும் போகாதே என்று குப்பண்ணன் யோசனை சொன்னார். அதற்குப் பதிலாக என்னைப் பட்டினி போடு என்று நாச்சிமுத்து சண்டைக்கு வந்துவிட்டார். ஆறுக்குட்டி வெகுநேரம் தாடையைத் தடவினார்.

“தப்பு நம்ம மேலதான். வெடிஞ்சா மூணு பேரும் சொம்பைத் தூக்கிட்டு ஓடறோம். அதைப் பாத்துத்தான் அதும் போகுது. நாம போகாம இருந்து காட்டினா அதும் கத்துக்கும்.”

“எத்தனை நாளைக்குங்ணா?”

“மேடம் வர்ற வரைக்கும்.”

அன்று முழுக்க மூவரும் வீறாப்பாக இருந்தார்கள். மறுநாள் யாரும் சிரிக்கக் கூடாது, தும்மக் கூடாது என்று சட்டம் போட வேண்டியதாயிற்று. குப்பண்ணன் நின்றுகொண்டே தூங்கினார். பவுனு எதையும் கற்றுக்கொள்ளவில்லை. காலையும் மாலையும் நேரம் தவறாமல் தட்டுக்குப் போனது.

ஐந்தாம் நாள் எஸ்தர் மேடம் வந்தபோது மூவரும் காலைப் பின்னிக்கொண்டு, வியர்த்து வழிய, சுவரோரம் நின்றார்கள்.

“பூனை வெளிய போச்சா?”

பொய் சொல்லத் தெரிந்தால் அவர்கள் ஏன் இப்படி இருக்கப் போகிறார்கள்? நாச்சிமுத்து அழுதுவிட்டார்.

“தினம் ரெண்டு தடவை போகுதுங்க மேடம்.”

“ரெண்டு தடவையா? தடுக்கலையா?”

“முன்னால நின்னு கும்பிட்டுப் பாத்தேனுங்க. கேக்கலீங்க.”

“சரி, திரும்பி வந்துடுதா?”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “போனது எப்படிங்க திரும்பி வரும்?” என்றார் ஆறுக்குட்டி.

மேடத்துக்குத் தலை சுற்றியது. பூனையோ அவர் எதிரிலேயே மூட்டைமேல் உட்கார்ந்திருந்தது. எந்த வழியாகப் போகிறது என்று கேட்டார். அதைப் பெண்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று குப்பண்ணன் வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசியில் நாச்சிமுத்து அழுகையோடு அவரை மூலைக்கு அழைத்துப் போய்த் தட்டைக் காட்டினார்.

மேடம் சிரித்த சிரிப்பில் பவுனுவே திடுக்கிட்டது. “இதுக்கா இந்த அழுகை? இது போகலாம், போயே ஆகணும். எல்லா உயிருக்கும் உள்ளதுதானே? பூனை உங்ககிட்டயே இருக்கட்டும்.”

நாச்சிமுத்து அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். ஆறுக்குட்டி மட்டும் பல்லைக் கடித்தபடி, “எல்லா உசுருக்குமுங்களா? அப்ப நாங்களும் போலாங்களா?” என்று கேட்டார்.

“தாராளமா போங்க.”

சொல்லி வாய் மூடவில்லை. மூன்று பேரும் ஆளுக்கொரு சொம்பைப் பிடுங்கிக்கொண்டு, கதவை அகலத் திறந்துபோட்டுவிட்டு, கொல்லைப்பக்கம் பறந்தார்கள். பவுனு சோம்பல் முறித்தது, மூட்டையிலிருந்து குதித்தது, வாலை நிமிர்த்திக்கொண்டு அதே கதவு வழியாக நடந்தது.

“ஐயோ, ஓடி வாங்க! பூனை வெளிய போகுது!” என்று மேடம் கத்தினார்.

கொல்லைப் புதர் மறைவிலிருந்து நாச்சிமுத்துவின் குரல் நிம்மதியாக வந்தது.

“போகட்டும் உடுங்க மேடம், அதுக்கும் அவசரமா இருக்கும்.”