திறந்திருக்கிறது என்று எழுதிய கதவு

பீளமேட்டில் ஒரு பழைய வீடுதான் அப்போது எங்கள் ஆபீஸ். மேனேஜர் தனபாலன் சார் வைத்ததுதான் சட்டம். வெப்சைட்டுகளைச் சோதிப்பவள் அமுதமொழி. அவளுக்குக் கண் தெரியாது. கம்ப்யூட்டர் வாசிப்பதைக் காதால் கேட்டே குறைகளைப் பிடித்துவிடுவாள்.

ஒரு பரீட்சை விண்ணப்பப் பக்கம். விதிமுறைகளை மவுஸால் கடைசிவரை இழுத்தால்தான் 'அனுப்பு' பட்டன் திறக்கும். கண் தெரியாமல் கீபோர்டையே நம்பியிருப்பவர்களுக்கு அது பூட்டியே கிடக்கும். அதைச் சரிசெய்யாமல், கண் தெரியாதவர்களுக்குத் திரையை வாசித்துச் சொல்லும் கருவிக்கான குறிப்பில் மட்டும் 'பட்டன் திறந்திருக்கிறது' என்று சார் எழுதிவிட்டார்.

"குறிப்பு என்ன சொன்னாலும் பட்டன் பூட்டியேதானுங்க கிடக்கும். நாளைக்குக் கடைசித் தேதி சார், என்னைய மாதிரி பிள்ளைங்க பரீட்சையே எழுத முடியாதுங்க," என்றாள்.

"நான் எழுதுனா எழுதுனதுதான். சாப்பிட்டு வர்றதுக்குள்ள சரின்னு கையெழுத்துப் போடு. இல்லேன்னா வேற வேலை பாத்துக்கோ."

சார் திரும்பி வந்தபோது அவர் அறைக் கதவில் பெரிய பூட்டு. அதன்மேல் ஒரு காகிதம்: 'கதவு திறந்திருக்கிறது.'

"யாரு பூட்டுனது?"

"திறந்திருக்குன்னு எழுதி ஒட்டியிருக்குங்களே சார்," என்றாள் அமுதமொழி.

"காகிதத்துல எழுதுனா கதவு திறந்துருமா?" என்று கத்திய சார், அப்படியே நின்றுவிட்டார்.

பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்து பட்டனைச் சரிசெய்தார். அமுதமொழி கீபோர்டில் அழுத்திப் பார்த்து, கம்ப்யூட்டர் 'அனுப்பப்பட்டது' என்று சொன்ன பிறகே சாவியை நீட்டினாள்.

அந்த வீட்டை இடித்துப் பல வருஷமாகிறது. கதவில் ஒட்டிய அந்தக் காகிதத்தை அவளுக்காக எழுதியது நான்தான். என் எழுத்து சாருக்கு நன்றாகத் தெரியும். ரிட்டயர் ஆகும்வரை அவர் அதைப் பற்றி என்னிடம் கேட்கவே இல்லை.