காத்தமுத்துவுக்குக் குரல் வந்த கதை

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னாடி, கிளியும் தவளையும் மனுஷர்களோடு சரிக்குச் சரி வாயாடிக்கொண்டிருந்த நாளில், மகுடபுரி என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அங்கே காத்தமுத்து என்று ஒரு விறகுவெட்டி. ஆளைப் பார்த்தால் பயந்துபோவீர்கள். முழு வேங்கை மரத்தை ஒற்றைத் தோளில் தூக்கி வருவான். ஆனால் வாயைத் திறந்தால்? கொசு தேவலை! நாலு பேர் நிற்கிற இடத்தில் அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அவனுக்காகப் பேசுவதெல்லாம் அவன் பெண்டாட்டி பூங்காவனம்தான். விறகுக்கு விலை பேசுவாள், வம்புக்கு வந்தவனை விரட்டுவாள், சாமியிடம் வேண்டுதலைக்கூட இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே சொல்லிவிடுவாள். கணீரென்ற குரல். அவன் அவளை "இந்தா" என்று கூப்பிடுவான். அவள் அவனை "ஏங்க" என்பாள். கட்டினவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கமே அந்த ஊரில் கிடையாது. அப்படியே பதினோரு வருஷம் ஓடிப்போனது.

ஒரு நாள் சந்தையில் சண்டகண்டன் என்ற மந்திரவாதி, வழியில் இருந்த பூக்காரியின் கூடையைக் காலால் எத்திவிட்டான். எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். பூங்காவனம் விடுவாளா? பிடிபிடியென்று பிடித்துவிட்டாள்.

"அடடா, என்ன குரல்! இனிமே இது எனக்குத்தான்" என்று மந்திரக்கோலை நீட்டினான் அவன். அவ்வளவுதான், பூங்காவனம் பச்சைக்கிளியாகிவிட்டாள். பாவி, கூண்டில் அடைத்துக்கொண்டு போயே போய்விட்டான்.

காத்தமுத்து அரண்மனைக்கு ஓடினான். ராஜா நல்லவர்தான். ஆனால் அந்த நாட்டுச் சட்டம் பொல்லாதது. வெள்ளிக்கிழமை சபை கூடும். முறையிடுகிறவன் நூற்றுக்கால் மண்டபத்தின் இந்தக் கோடியில் நிற்க வேண்டும், ராஜா அந்தக் கோடியில் இருப்பார். அவர் காதில் விழுந்தால்தான் வழக்கு. மந்திரத்தில் உருமாறினவளை மீட்க, கட்டினவனே அங்கே நின்று அவள் பேரை மூன்று தடவை சொல்ல வேண்டும். மூன்று வெள்ளிக்குள் சொல்லாவிட்டால் அவளுக்குத் தான் மனுஷி என்பதே மறந்துபோகும்.

முதல் வெள்ளி வந்தது. ராஜா ஆள் அனுப்ப, மந்திரவாதியும் கூண்டோடு வந்து உட்கார்ந்தான். காத்தமுத்து வாயைத் திறந்தான். "இந்... இந்தா..." பழக்கம் விடுமா? அந்த முனகலும் இரண்டாம் தூணைத் தாண்டவில்லை. சபை சிரித்தது. கூண்டுக்குள் கிளி அழுதது.

இரண்டாம் வெள்ளி வந்தது. கழுத்து நரம்பு புடைக்க, "பூங்கா..." என்று கத்தினான். சண்டகண்டன் கையிலிருந்த செப்புக் குடுவை மடக் மடக்கென்று அந்தக் கத்தலைக் குடித்துவிட்டது! காத்தமுத்துவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டதுதான் மிச்சம். இந்தத் தடவை கிளி அழவில்லை. யாரோ எவரோ என்று அவனைப் பார்த்தது. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

குளக்கரையில் உட்கார்ந்து, அத்தனை பெரிய ஆள் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"யோவ், கண்ணீரை அந்தப் பக்கம் விடு. தண்ணி கரிக்குது" என்றது ஒரு தவளை.

காத்தமுத்து கட்டின தொண்டையோடு எல்லாவற்றையும் சொன்னான். தவளைக்கு மனசு இளகிவிட்டது.

"அழாதேய்யா. நான் உன் கட்டைவிரல் பருமன்தான். கூப்பிட்டா ஏழு வயலுக்குக் கேக்கும். எங்கேருந்து கூப்பிடறேன்?"

"தொண்டையிலேருந்து."

"மண்ணாங்கட்டி! வயித்துலேருந்து. கத்துறதைத்தான் அந்தக் குடுவை குடிக்கும். வயித்துலேருந்து நிதானமா வர்றதைக் குடிக்க அதுக்குத் தெரியாது. ரெண்டு நாள் வாயை மூடித் தொண்டைக்கு ஓய்வு கொடு. அப்புறம் வா."

ரெண்டு நாள் கழித்து வந்தான். தவளை அவனை மல்லாக்கப் படுக்கவைத்து, வயிற்றின் மேல் ஒரு கல்லை வைக்கச் சொன்னது. "மூச்சை இழு. நெஞ்சு ஏறக்கூடாது, கல்லு ஏறணும். இப்போ ஸ்ஸ்ஸுன்னு மெல்ல விடு."

அப்புறம், "உதட்டை மூடி ம்ம்ம்னு சொல்லு. மூக்கும் உதடும் குறுகுறுன்னு வரணும்."

அப்புறம், "குதிரை மாதிரி உதட்டை உதறு. ப்ர்ர்ர்ர்!"

"எச்சில் தெறிக்குதே!"

"தெறிக்கட்டும். பொண்டாட்டி வேணுமா, வேணாமா?"

காலையில் கல், ம்ம்ம், ப்ர்ர்ர். மத்தியானம் கல், ம்ம்ம், ப்ர்ர்ர். சாயங்காலம் கல், ம்ம்ம், ப்ர்ர்ர். காட்டுப் பன்றிகூட இவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதென்று வழியை மாற்றிக்கொண்டது. கடைசி நாளில் ஒரு வேப்பமரத்தைப் பார்த்து அவள் பேரைச் சொன்னான். சொல்லிவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்து வெட்கப்பட்டான். பாவம்.

"சபையில் கால் நடுங்குமே, என்ன செய்ய?" என்று கேட்டான்.

"பாம்பு பக்கத்துல இருந்தா எனக்கும்தான் நடுங்குது. நடுங்கட்டும்னு விட்டுட்டு, மூச்சை மட்டும் பிடிச்சுக்குவேன்."

மூன்றாம் வெள்ளி வந்தது. நூறு தூண், ஆயிரம் கண். காத்தமுத்துவின் முழங்கால் தடதடவென்று ஆடியது.

"கத்துடா, கத்து!" என்று குடுவையைத் திறந்தான் சண்டகண்டன்.

காத்தமுத்து கத்தவில்லை. வாயை மூடி ஒரு தடவை ம்ம்ம் என்றான். வயிறு நிறைய மூச்சை இழுத்தான். நிதானமாகச் சொன்னான்.

"பூங்காவனம்."

தூண் தூணாக நடந்து போனது அந்தப் பேர். அந்தக் கோடியில் ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். குடுவை வாயைப் பிளந்து பிளந்து பார்த்தது, ஒரு சொட்டு கிடைக்கவில்லை.

"பூங்காவனம்."

கிளி திரும்பியது. அதன் இறகுகள் பொலபொலவென்று உதிர்ந்தன.

மூன்றாம் தடவை அவன் ராஜாவைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துச் சொன்னான். "பூங்காவனம்!"

கூண்டு தெறித்தது. குடுவை வெடித்தது. இத்தனை காலம் அது குடித்திருந்த கத்தலெல்லாம் சண்டகண்டன் காதிலேயே கொட்ட, அவன் காதைப் பொத்திக்கொண்டு ஓடினவன்தான், மகுடபுரிப் பக்கம் தலை காட்டவே இல்லை. தன் மனுஷ உருவத்தில், அழுத கண்ணோடு நின்றாள் பூங்காவனம்.

"அம்மா, என்ன நடந்தது? சொல்லு" என்றார் ராஜா.

அவள் வாயைத் திறந்தாள். புருஷனைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"அவர் சொல்லட்டும், மகாராஜா. பதினோரு வருஷமா நானே பேசிட்டேன். இன்னைக்கு நான் கேக்கணும்."

காத்தமுத்து மூச்சை இழுத்தான். சந்தையிலிருந்து குளக்கரை வரை ஒன்று விடாமல் சொன்னான். தவளைக்கு உரிய மரியாதையையும் மறக்கவில்லை. கேட்ட ராஜா, வாய் வராதவர்களுக்காக வெள்ளிதோறும் சபையில் பேச அவனையே நியமித்தார். பூங்காவனம் ஒரு தூணில் சாய்ந்து, அவன் பேசி முடிக்கிறவரை குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.